501-ஆவது யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கப்படுகிறது. கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போன பிறகே, கடந்த அறுபது நாட்களில் எத்தனை யூனிட் செலவாயிற்று என்பது வீட்டாருக்குத் தெரியவருகிறது. அதற்குள் அந்த அறுபது நாட்களும் முடிந்துவிடுவதால், தெரிந்துகொண்டதை வைத்து அந்தக் கட்டணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது. கணக்கில் வருவதும் ஒரே ஒரு மொத்த எண் மட்டுமே. அதில் மின்விசிறியின் பங்கு எவ்வளவு, ஏசியின் பங்கு எவ்வளவு, யாரும் பயன்படுத்தாமல் வீணானது எவ்வளவு என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. ஆனால், அந்த விவரங்கள் அனைத்தையும் தரக்கூடிய கருவி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. மீட்டரை அறுபது நாட்களுக்கு ஒருமுறை வேறொருவர் பார்ப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒருமுறை வீட்டாரே பார்க்கத் தொடங்கினால், புதிய சாதனம் எதையும் வாங்காமலேயே கட்டணத்தில் கணிசமான பகுதி கட்டுக்குள் வரும். தமிழ்நாட்டின் கட்டண அமைப்பு இப்படிப்பட்ட கண்காணிப்புக்கு வேறு பல கட்டண முறைகளைவிட அதிகப் பலனைத் தருகிறது என்பதே இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது.

யூனிட் என்பது மின்சக்தியின் அளவு. ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சக்தியை இழுக்கிறது என்பதை வாட் என்ற அலகு குறிக்கிறது. ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சக்தியே ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் அதே ஒரு யூனிட்டை, பத்து வாட் விளக்கு நூறு மணி நேரம் எரிந்து செலவழிக்கிறது. எனவே, கருவியின் வாட் அளவை மட்டும் பார்த்து அது மின்சாரத்தை அதிகம் தின்னும் கருவியா என்று முடிவு செய்ய முடியாது. அது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது வாட் அளவுக்கு இணையாகவும், பல வீடுகளில் அதைவிடக் கூடுதலாகவும் முக்கியத்துவம் பெறுகிறது.

கட்டணம் படிப்படியாக உயரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் என்று விகிதங்கள் அமைந்தன. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான சலுகை விகிதம் நீங்கிவிடுகிறது. 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுகளுக்கும் 4 ரூபாய் 50 காசு, அதன்மேல் 500 வரை 6 ரூபாய், 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய், 1000 வரை 10 ரூபாய், அதற்கும் மேல் 11 ரூபாய் என்று கணக்கிடப்படுகிறது. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்த்தப்பட்டதால் ரூபாய்க் கணக்கு அதற்கேற்பச் சற்றுக் கூடியிருக்கிறது. படிகளின் அமைப்பு மாறவில்லை என்பதால் 2022-ஆம் ஆண்டின் எளிய எண்களைக் கொண்டே இங்கு கணக்கைப் பார்க்கலாம்.

சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆகிறது. அதில் எட்டு ரூபாய் மட்டுமே அந்த யூனிட்டுக்கானது, மீதி 225 ரூபாய், கைவிட்டுப் போன சலுகைக்கானது. 520 யூனிட்டில் நிற்கும் வீடு இருபது யூனிட்டைக் குறைத்தால் 385 ரூபாய் மிச்சமாகிறது. அதே இருபது யூனிட்டை 190 யூனிட் செலவழிக்கும் வீடு குறைத்தால் 45 ரூபாய்தான் மிச்சம். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குப் பண அளவில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆகவே, எல்லா வீடுகளுக்கும் பொதுவான சிக்கன அறிவுரை என்று ஒன்றைச் சொல்வது அவ்வளவு பொருத்தமானதல்ல. தன் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே, எதை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

வாராந்தரக் கணக்கு இங்குதான் உதவுகிறது. மின்னணு மீட்டரின் திரையில் தேதி, நேரம், மின்னழுத்தம் போன்ற பல எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; அவற்றில் கிலோவாட் மணி என்ற குறியுடன் வரும் எண்ணை மட்டும், வாரத்தில் ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், நாட்காட்டித் தாளிலோ கைபேசியிலோ குறித்து வந்தால் போதும். கணக்கெடுத்த நாளிலிருந்து இருபதாவது நாளில் 190 யூனிட் ஓடியிருந்தால் நாள் ஒன்றுக்கு ஒன்பதரை யூனிட் வீதம் செலவாகிறது என்றும், இதே வேகத்தில் போனால் அறுபதாவது நாளில் 570-ஐத் தொடும் என்றும் அன்றே தெரிந்துவிடுகிறது. மீதமுள்ள நாற்பது நாட்களில் 310 யூனிட்டுக்குள், அதாவது நாளுக்கு ஏழே முக்கால் யூனிட்டுக்குள் நடத்திவிட்டால் 500-ஐத் தாண்டாமல் முடித்துவிடலாம். நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட் குறைப்பது பெரும்பாலான வீடுகளில் செய்யக்கூடியதே. ஆனால் ஐம்பத்தைந்தாவது நாளில் விழித்துக்கொண்டால் அது இயலாது.

மொத்தச் செலவை மட்டுமல்லாமல் தனித்தனிக் கருவிகளின் செலவையும் இதே மீட்டர் காட்டும். மின்னணு மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்ற எண்ணிக்கை மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு மீட்டர்கள் பலவற்றில் அது 3200. அத்தகைய மீட்டரில் பத்துச் சிமிட்டல்களுக்கு ஆகும் நேரத்தை விநாடிகளில் அளந்து, 11,250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் மின்திறன் வாட் கணக்கில் கிடைத்துவிடுகிறது. பத்துச் சிமிட்டலுக்கு 45 விநாடி ஆனால் வீடு 250 வாட் இழுக்கிறது என்று பொருள். அந்நிலையில் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி ஒன்றை முழு வேகத்தில் போட்டால் சிமிட்டல் விரைவாகிப் பத்துக்கு 35 விநாடி அளவுக்கு இறங்கிவிடும்; அதே இடத்தில் 30 வாட் மின்விசிறி ஓடினால் 40 விநாடி ஆகும். ஒருவர் மீட்டரருகே கைபேசிக் கடிகாரத்துடன் நிற்க, மற்றொருவர் உள்ளே ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைக்க, அரை மணி நேரத்தில் வீட்டின் மின் வரைபடமே தாளில் வந்துவிடும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கை அவர்களிடமே ஒப்படைப்பது நல்லது. வாட்டுக்கும் யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடு பாடப்புத்தகத்தைவிட மீட்டருக்கு முன்னால் தெளிவாக விளங்கும்.

இந்தச் சோதனையின் முதல் கட்டமாக எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுச் சிமிட்டலைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் அப்போதும் விளக்கு நிற்காமல் மெல்லச் சிமிட்டும். ரிமோட்டால் மட்டும் அணைக்கப்பட்ட டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை கருவி, இன்வெர்ட்டர் ஆகியவை சுவிட்ச் போர்டில் அணைக்கப்படாத வரை ஓரளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இவற்றில் செட்டாப் பாக்ஸை ரிமோட்டால் அணைப்பது பெரும்பாலும் கண்துடைப்பே; முகப்பு விளக்கின் நிறம் மாறுகிறதே தவிர, மின்செலவு பெரிதாகக் குறைவதில்லை. பத்து வாட் இழுக்கும் கருவி ஒன்று இரவு பகலாக அறுபது நாள் இணைப்பில் இருந்தால் 14 யூனிட்டுக்கு மேல் செலவாகும். எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் சிமிட்டல் தொடர்ந்தால் வயரிங்கில் கசிவு இருக்கக்கூடும். அது கட்டணத்தைவிட உயிருக்கே ஆபத்தானது என்பதால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

அளந்து பார்க்கும் வீடுகளில் வெளிப்படும் உண்மை பெரும்பாலும் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கும். பெருஞ்சத்தம் போடும் 750 வாட் மிக்சி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏழரை யூனிட்டுதான் செலவாகிறது. ஓசையில்லாமல் தலைக்கு மேல் சுழலும் 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் அதே இரண்டு மாதத்தில் 63 யூனிட் செலவாகிறது. நான்கு விசிறிகள் ஓடும் வீட்டில் அது 252 யூனிட். ஏசி இல்லாத வீட்டில் மொத்தக் கணக்கில் பாதிக்கும் மேல்கூட அது இருக்கலாம். ஆண்டின் பெரும்பகுதியில் விசிறியின்றி உறங்க முடியாத தமிழ்நாட்டில் மின்சிக்கனத்தை விசிறியிலிருந்து தொடங்குவதே முறை. சந்தையில் பிஎல்டிசி என்ற பெயரில் கிடைக்கும் விசிறிகளில், பழைய மோட்டாரில் உள்ளதைப் போல் செம்புச் சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சுழலியிலும் காந்தப்புலத்தைத் தூண்டுவதற்குப் பதிலாக, சுழலியில் நிலைக்காந்தமே வைக்கப்பட்டு, மின்னணுச் சுற்று ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெப்பமாக வீணாகும் பகுதி வெகுவாகக் குறைவதால் முழு வேகத்திலும் 28 முதல் 35 வாட்டுக்குள் அவை ஓடிவிடுகின்றன. நான்கையும் மாற்றிய வீட்டில் மேற்கண்ட 252 யூனிட் ஏறத்தாழ 100 ஆகிவிடும். ஒரே சமயத்தில் நான்கையும் வாங்க வசதியில்லாத குடும்பம், இரவு முழுவதும் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுவது அறிவுடைமை. எப்போதோ ஓடும் விருந்தினர் அறை விசிறியை மாற்றுவதில் பயனில்லை. இந்த விசிறிகளைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்காமல் நேரடி இணைப்பில் பொருத்த வேண்டும் என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் நினைவூட்ட வேண்டும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைக்கப்பட்டது. கருவிகளின் மேல் ஒட்டப்படும் நட்சத்திரக் குறியீட்டை அது 2006-இல் தொடங்கியது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒட்டுத்தாளில் அதைவிடப் பயனுள்ள இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண். மற்றொன்று, அந்தக் குறியீடு எந்தக் காலத்துக்குச் செல்லும் என்ற குறிப்பு. அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், 2022 ஜூலைக்கு முன் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த ஏசிகள் அதன்பின் நான்குக்கு இறங்கின. எனவே, தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குபவர் நட்சத்திரத்தை நம்பாமல் யூனிட் எண்ணை ஒப்பிட வேண்டும். ஏசிக்கான அந்த எண் ஆண்டுக்கு 1600 மணி நேரப் பயன்பாட்டை வைத்துக் கணிக்கப்பட்டது. இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள் ஓடினாலே அந்த அளவு வந்துவிடும் என்பதால், பகலிலும் ஓடும் வீட்டில் செலவு அதைத் தாண்டிவிடும்.

ஏசியின் டன் கணக்கு அதன் எடையைக் குறிப்பதல்ல. ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன், அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக ஒரு யூனிட் இழுப்பதாகக் கொண்டாலும், இரவு எட்டு மணி நேரம் வீதம் அறுபது நாளில் 480 யூனிட் ஆகிறது. அதுவரை 300 யூனிட்டில் இருந்த வீட்டை ஒரே கோடையில் 780-க்குக் கொண்டு போய், 675 ரூபாய்க் கட்டணத்தை 4,370 ரூபாய் ஆக்குவது இந்த ஒரு கருவிதான். வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைக்கும்போதும் சுமார் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 2020 முதல் ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட்டு வருவதும் அதனால்தான். 18-இல் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்ற எண்ணம் தவறானது. சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். குறைந்த எண்ணில் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. 26-இல் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் உடலுக்கு 24 போலவே இருக்கும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசுவது எந்தச் செலவும் இல்லாத சிக்கனம்.

ஃபிரிட்ஜ் ஆண்டு முழுவதும் அணைக்கப்படாத கருவி என்பதால், அதைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும், கதவின் ரப்பர்ப் பட்டையில் தாளைச் செருகி மூடி இழுத்துப் பார்ப்பதும் அவசியம். தாள் தடையில்லாமல் வெளியே வந்தால் குளிரும் அப்படியே வெளியேறுகிறது. தண்ணீர் ஹீட்டரின் கணக்கும் எளியது. பதினைந்து லிட்டர் தண்ணீரை இருபது டிகிரி சூடாக்க மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலே தேவை. 2000 வாட் ஹீட்டருக்கு அது பத்து நிமிட வேலை. குளித்து முடித்த பிறகும் அதை அணைக்காமல் விட்டால், தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை ஈடுசெய்ய அது திரும்பத் திரும்ப ஓடும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் வரை ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கிறது. அதில் மின்சாரத்தோடு தண்ணீரும் வீணாகிறது.

சமையலை எரிவாயுவிலிருந்து இண்டக்ஷன் அடுப்புக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கும் படிக் கட்டணத்தைப் பார்த்தே விடை சொல்ல முடியும். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பத்தில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பகுதிக்கு ஈடாக, இண்டக்ஷன் அடுப்பு சுமார் 140 யூனிட் செலவழிக்கும். அந்த 140 யூனிட், நாலரை ரூபாய்ப் படியில் விழுந்தால் 630 ரூபாய். ஒன்பது ரூபாய்ப் படியில் விழுந்தால் 1,260 ரூபாய். ஒரு வீட்டுக்குச் சிக்கனமாக இருப்பது பக்கத்து வீட்டுக்கு நட்டமாகலாம்.

கருவிகளைவிடப் பழக்கம் பெரிதா என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் 1970-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோகலோ தலைமையில் நடந்த ஆய்வில், ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்ட அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலேயே எரிசக்திச் செலவு இரண்டு மடங்கு அளவுக்கு வேறுபட்டது கண்டறியப்பட்டது. சுவரும் கூரையும் ஒன்றாக இருக்க, வேறுபட்டவர்கள் குடியிருந்த மனிதர்கள் மட்டுமே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாரா டார்பி 2006-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன்பாட்டை உடனுக்குடன் மீட்டரிலோ திரையிலோ காண முடிந்த வீடுகளில் 5 முதல் 15 விழுக்காடு வரை சேமிப்பு ஏற்பட்டதாகத் தெரியவந்தது. அமெரிக்காவில் பல இலட்சம் வீடுகளுக்கு அண்டை வீடுகளோடு ஒப்பிட்டு அனுப்பப்பட்ட அறிக்கைகளின் விளைவை பொருளியலாளர் ஹண்ட் ஆல்காட் 2011-இல் ஆராய்ந்தபோதோ, சேமிப்பு இரண்டு விழுக்காடு அளவில் இருந்தது. வெளியிலிருந்து வரும் அறிக்கைக்கும் தாமே பார்க்கும் எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளி, வாராந்தரக் குறிப்பின் பக்கம் பேசுகிறது.

மாடியில் சூரியத் தகடு அமைப்பது இந்தக் கணக்கெல்லாம் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு 78,000 ரூபாயும் மானியம் தரப்படுகிறது. ஒரு கிலோவாட் தகடு தமிழ்நாட்டு வெயிலில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்பதால், இரண்டு மாதத்தில் 240 யூனிட் கிடைக்கிறது. 700 யூனிட் வீட்டில் அது பெரும்பாலும் ஒன்பது ரூபாய், எட்டு ரூபாய்ப் படிகளிலிருந்து கழிந்து, மொத்தத்தையும் 500-க்குக் கீழே இறக்கிவிடும். 250 யூனிட் வீட்டில் பெரும்பகுதி இலவச யூனிட்டுகளையும் சலுகை யூனிட்டுகளையுமே ஈடுசெய்யும். பழைய விசிறிகளை மாற்றாமல் தகடு அமைக்கும் வீடு, விசிறிகள் வீணாக்கும் மின்சாரத்துக்காகவும் சேர்த்துத் தகடு வாங்குகிறது.

இவ்வளவு கணக்கிலும் இடம்பெறாத ஒரு பிரிவினர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஒரே இணைப்பிலிருந்து பல குடித்தனங்களுக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கும் வழக்கம் நகரங்களில் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மாதம் நாற்பது யூனிட் செலவழிக்கும் குடும்பம், தனி இணைப்பு இருந்தால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. சப் மீட்டரில் எட்டு ரூபாய் வீதம் என்றால் இரண்டு மாதத்துக்கு 640 ரூபாய் கட்டுகிறது. இருப்பவர்களிலேயே மிகக் குறைவாகச் செலவழிப்பவர் தலையில் உயர்ந்த படியின் விலை விழுவது அநீதி. தனி வாசலும் தனி வயரிங்கும் உள்ள பகுதிகளுக்கு வீட்டு உரிமையாளர் தனி இணைப்புக் கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பிப்பதே இதற்கு முறையான தீர்வு. அது நடக்கும் வரை, மெயின் மீட்டரின் கட்டண ரசீதைக் குடியிருப்பவர்களிடம் காட்டி, மொத்தத் தொகையைச் சப் மீட்டர் யூனிட்டுகளின் விகிதத்தில் பிரித்து வாங்குவது உரிமையாளருக்கு நட்டம் தராத, குடியிருப்பவருக்கும் ஓரளவு நியாயமான ஏற்பாடாக இருக்கும்.